கூப்பாட்டுக்கு வந்த அறுபது பேர்

தன் பேரை அச்சில் பார்க்க வேண்டும் என்று ஜவ்வாது மலையில் ஆசைப்பட்டவள் அநேகமாக சகிலா ஒருத்தியாகத்தான் இருப்பாள். கல்யாணப் பத்திரிகையில் இல்லை. அந்த ஆசை முப்பது வயதோடு அவளை விட்டுப் போய்விட்டது, போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். இது மருத்துவ இதழில். சென்னையிலிருந்து வரும், டாக்டர்கள் மட்டும் படிக்கிற, படம் கிடம் எதுவும் இல்லாத இங்கிலீஷ் இதழ். அதில் டாக்டர் கோபால்சாமியின் பேருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஏ. சகிலா என்று வரப்போகிறது என்றால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

வாணியம்பாடிக்காரி. அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். நர்ஸ் பயிற்சி முடித்து, எழுபத்து நாலில் மலைமேல் சுகாதார நிலையத்துக்கு உத்தரவு வந்தபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கரடி கீற எடத்துக்கு வயசுப் பொண்ண அனுப்புவாங்களா? அல்லா கேக்க மாட்டானா?" என்றாள். ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் சகிலா வண்டி ஏறினாள். ஆறு மாதம் ஒன்பது வருஷம் ஆயிற்று. ரப்பர் செருப்பைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, குடையும் தகரப் பெட்டியுமாக அவள் நடந்து பார்க்காத ஒற்றையடிப் பாதை அந்தப் பக்கத்தில் இல்லை. மலைக்காரர்கள் கலெக்டரே வந்தாலும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். அவளையும் அப்படித்தான். "நர்சம்மா, நீ சாப்ட்டியா?" என்று அவர்கள் கேட்கும்போது வாணியம்பாடியில் யாரும் காட்டாத மரியாதை அதில் இருக்கிறதென்று அவளுக்குத் தோன்றும்.

எண்பத்தொன்று ஐப்பசியில் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினோரு நாள் விடாத மழை. மண் சரிந்து சாலை போய்விட்டது. கலசப்பாக்கத்தில் சலைன் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வந்து கிடக்கின்றன, மேலே ஏற்ற வழியில்லை. இருந்த ஏழு பாட்டில் இரண்டே நாளில் தீர்ந்தது. டாக்டர் கோபால்சாமிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. செங்கத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், படிப்பில் புலி, மலைக்கு வந்து எட்டு மாதம். அவர் யோசித்து யோசித்து ஒன்று செய்தார். மலையில் இருப்பது சாமை. சாமை மாவு ஒரு பிடி, ஒரு செம்பு தண்ணீர், மூன்று விரலால் அள்ளின உப்பு. கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, கரண்டி கரண்டியாகக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது.

கொடுத்தது யார்? சகிலாதான். எட்டு ஊர், அறுபத்து நாலு குழந்தைகள். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் தானே காய்ச்சிக் காட்டினாள். அம்மாக்காரியின் மூன்று விரலைப் பிடித்து உப்பை அள்ளவைத்துப் பழக்கினாள். நிலையத்தில் இரண்டே கட்டில், மருந்தும் இல்லை. எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. அதனால் கிளம்பும்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு வார்த்தை சொன்னாள்: "இதுவே போதும். புள்ளயத் தூக்கினு எங்கயும் அலையாதீங்க." அவள் கண்முன்னாலேயே நாலு குழந்தைகள் இறந்தன. மற்றவர்கள் பிழைத்தார்கள் என்றுதான் நினைத்தாள்.

மறு வருஷம் மார்கழியில் டாக்டருக்கு அந்த எண்ணம் வந்தது. "சிஸ்டர், நாம செஞ்சது சின்ன வேலை இல்ல. எழுதணும். எத்தன புள்ளைங்க இப்ப உயிரோட இருக்குன்னு ஒரு கணக்கு மட்டும் எடுத்துட்டு வாங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

சகிலா போனாள். அது சாமை அறுப்புக் காலம். வீட்டுக்கு வீடு போனால் பூட்டின கதவைத்தான் பார்க்க வேண்டும், ஊரே களத்தில் கிடக்கும். சரி, களத்துக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தாள். நோட்டை விரித்துவைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் ஆஜர் எடுப்பதுபோல ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். "மாணிக்கம்மா வூட்டு வேடி?" "கீறான்." "கெங்கம்மா வூட்டு காளி?" "கீறா." முதுகில் ஒன்று, நிழலில் ஒன்று, துணித் தூளியில் ஒன்று என்று குழந்தைகள் கிடந்தன. தாய்மார் கை காட்டினார்கள், அவள் டிக் போட்டாள். ஒரே நாளில் மூன்று ஊர், மூன்றே நாளில் எட்டு ஊரும் முடிந்தது. அடடா, என்ன சுலபம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அறுபத்து நாலில் அறுபது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அதற்கப்புறம் நாலு மாதம் அந்த நிலையம் ஒரு அச்சாபீஸ் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் கையால் எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். விடுமுறைக்கு விடுமுறை வேலூர் போய் நூலகத்தில் உட்கார்ந்து, வேறு நாட்டில் யார் யார் என்னென்ன கஞ்சி கொடுத்தார்கள் என்று குறிப்பெடுத்து வருவார். அட்டவணைக்குக் கோடு போடுவது சகிலாவின் வேலை. வரைபடத்தை மெழுகுத் தாளில் கறுப்பு மையால் இழுத்ததும் அவள்தான். மூன்றாவது தாளில் மை சொட்டி வீணாகி, நாலாவதில் சரியாக வந்தது. தட்டச்சுக்கு அவள் தம்பி இக்பால் இருந்தான். வாணியம்பாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தான். கார்பன் வைத்து மூன்று நகல் அடித்துக் கொடுத்தான். ஆனால் தோல் வியாபாரிகளுக்குக் கடிதம் அடித்துப் பழகின கை, வரிகளை நெருக்கியடித்துத் தாளை மிச்சம் பிடித்துவிட்டது. இரட்டை இடைவெளி விட்டு அடிக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டோடு இதழ்க்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

"படிக்கறதுக்கு முன்னாடியே இடைவெளிய அளந்து பாக்கறாங்களா? பெரிய ஆளுங்கதான்" என்று இக்பால் முனகிக்கொண்டே முதலிலிருந்து அடித்தான். முதல் பக்கத்தில் அக்காவின் பேரை அடிக்கும்போது மட்டும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டான். "பாத்துக்கோ ஆபா. எழுத்து ஒண்ணு தப்பானாலும் சொல்லு."

கட்டுரையின் கடைசி வரியை டாக்டர் அவளுக்குத் தமிழில் சொல்லியிருந்தார். இந்தக் கஞ்சியைக் கொண்டு குழந்தைகளை வீட்டிலேயே காப்பாற்றிவிடலாம், மருத்துவ நிலையத்துக்குத் தூக்கி வர வேண்டிய தேவை இல்லை. "உங்க வார்த்தைதான் சிஸ்டர். நாளைக்கு ஒரிசா மலையில, பீகார்ல, ஒரு டாக்டர் இதப் படிச்சுட்டு இப்படியே செய்வான்" என்றார். சகிலாவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆவணியில் பதில் வந்தது. வெளியிடத் தகுதியானது என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கேள்வி. பிழைத்த அறுபது குழந்தைகளின் இப்போதைய வயதும் எடையும் வேண்டும், இரண்டு மாதத்துக்குள் அட்டவணையாக அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். "இது ஒரு கேள்வியா? ஒரு வாரத்து வேலை" என்றாள் சகிலா. தொங்கு தராசை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பப் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முதல் இரண்டு ஊரிலும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது ஊரில் மாணிக்கம்மாள் வீடு. மாணிக்கம்மாள் சகிலாவுக்கு வேண்டியவள். எப்போது போனாலும் புளியங்கொட்டை வறுத்துக் கொடுப்பாள். பிரசவம் பார்க்க வேறு ஊருக்குப் போகும்போது துணைக்கு வருவாள்.

"வேடி எங்க மாணிக்கம்மா? எட போடணும்."

"இதோ கீறான்." இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

சகிலா தராசை மாமரக் கிளையில் மாட்டி, துணியில் குழந்தையை உட்காரவைத்தாள். ஏழரைக் கிலோ. நோட்டைப் பார்த்தாள். எண்பத்தொன்றில் வயது இரண்டு என்று எழுதியிருந்தது, அவள் கையெழுத்துதான். அப்படியென்றால் இப்போது நாலு. மலைப் பிள்ளைகள் மெலிவு, வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இருக்காது, அது அவளுக்குப் பழக்கம்தான். வாயைத் திறந்து பல்லை எண்ணினாள். பன்னிரண்டு. நாலு வயதுப் பிள்ளைக்கு இருபது இருக்க வேண்டும். மறுபடி எண்ணினாள். பிறகு, எதற்கென்று தெரியாமலே, கையை அவன் தலைமேல் வைத்தாள். இரண்டு வயதுக்குள் மூடிவிடுகிற உச்சிக்குழி இன்னும் முழுசாக மூடவில்லை, விரலுக்கடியில் மெத்தென்று துடித்தது.

"மாணிக்கம்மா, இது வேடியா?"

"வேடிதான்."

"நான் கஞ்சி காய்ச்சிக் குடுத்தேனே, அந்த வேடியா?"

மாணிக்கம்மாள் குழந்தையைத் துணியிலிருந்து அவிழ்த்து எடுத்து, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டு வாசலைத் தாண்டி, வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். சகிலா எழுந்து அங்கே போனாள்.

"குலசாமி பேரு தலச்சனுக்கு வெக்கறது எங்க மொறை. அந்தப் பேரு பூமில கெடக்கக் கூடாது. தலச்சன் போய்ட்டா அடுத்ததுக்கு அத்த வெச்சிடணும்" என்றாள் மாணிக்கம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "வெச்ச பொறவு போனதப் பத்தி வூட்டுல வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா, கீறதும் போயிடும். அப்ப இவன் வயித்துல இருந்தான். தையில பொறந்தான். வெச்சிட்டோம்."

"களத்துல வந்து கேட்டனே! அன்னிக்காவது சொல்லக் கூடாதா?"

"வேடி கீறானான்னு கேட்ட. கீறான்னேன். நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

இல்லை, அவள் பொய் சொல்லவில்லை. அது சகிலாவுக்கே தெரிந்தது. ஒன்பது வருஷம் இந்த மலையில் சோறு தின்றவளுக்கு இந்த முறை தெரியாமல் போயிற்றே, அதுதான் அவமானம். தையில் இன்னொன்று பிறந்தது தெரிந்தும், வீட்டில் இப்போது எத்தனை பிள்ளை என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, களம், அறுப்பு, அவசரம் என்று இப்போது என்ன காரணம் சொன்னாலும் எடுபடுமா? குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் குரலுக்கு டிக் போட்டவள் அவள்தான்.

"எப்ப போனான்?" என்று கேட்டாள். கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் கேட்டாள்.

மாணிக்கம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ வந்துட்டுப் போன மூணாம் நாளு. நீ சொன்ன மாதிரியே கஞ்சி குடுத்துக்கினே இருந்தேன். கடைசியா ஒரு கரண்டி, அது உள்ள போவல."

சகிலா புளியங்கொட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தாள்.

மிச்ச ஊர்களைச் சுற்றி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. இப்போது அவள் பேரைக் கேட்கவில்லை. பல்லை எண்ணினாள், தலையைத் தடவினாள். குலசாமி பேர் உள்ள ஒவ்வொரு குழந்தையின் வாயைத் திறக்கும்போதும் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டேதான் திறந்தாள். சில வீட்டில் இருபது பல்லும் இருந்தன, அந்தப் பிள்ளைகளை அப்படியே கட்டிக்கொண்டாள். சில வீட்டில் இல்லை. கெங்கம்மாள் வாயால் சொல்லவில்லை, கண்ணை மட்டும் ஒருதரம் மூடித் திறந்தாள். கடைசி ஊரில் சின்னதம்பி என்ற கிழவர், "செத்தத எண்ணிக்கினு இன்னா பண்ணப் போற நர்சம்மா? கீறத எண்ணிக்க, போ" என்று விரட்டினார். மொத்தம் ஒன்பது. எல்லாம் அந்த ஐப்பசியிலேயே, அவள் வந்துவிட்டுப் போன நாலைந்து நாளுக்குள் போனவை.

நாலு இல்லை, பதிமூன்று.

அதை டாக்டரிடம் சொல்ல அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. அவருக்கு அந்த நேரத்தில் மேல்படிப்புக்கு நேர்முகத் தேர்வு வரவிருந்தது, கட்டுரை வெளியானால் இடம் நிச்சயம் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதுவும் தெரிந்துதான் இழுத்தடித்தாள். மூன்றாம் நாள், புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு, நோட்டை அவர் மேசைமேல் வைத்துச் சொல்லி முடித்தாள்.

அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நோட்டைப் புரட்டினார். பிறகு முகம் சிவந்தது.

"எட எடுக்கத்தான அனுப்பினேன்? செத்ததத் தோண்டவா அனுப்பினேன்?"

"சார், தோண்டாமயே வெளிய வந்துச்சு சார்."

"எட எடுக்க முடியல, மலை ஜனங்க ஒத்துழைக்கலன்னு ஒரு வரி எழுதிட்டாப் போதும். அறுபது அறுபதாவே இருக்கட்டும். இதழ்க்காரன் இந்த மலைக்கு ஏறி வந்து பல்லு எண்ணப் போறானா?"

"அப்ப என் பேர எடுத்துடுங்க."

"உன் பேர எடுத்தா ஒம்போது புள்ளையும் எழுந்து வந்துடுமா?" எப்போதும் நீங்க, சிஸ்டர் என்று பேசுகிறவர் நீ என்றார். சகிலாவுக்கு அது வலிக்கவில்லை. அவர் சொன்னது உண்மையாயிருந்ததுதான் வலித்தது. அழக் கூடாது என்று வந்தவள் அழுதேவிட்டாள்.

"எழுந்து வராது சார். ஆனா அந்தக் கடைசி வரி இருக்குதே, தூக்கினு வர வேண்டிய தேவை இல்லன்னு. அது எல்லா ஊருக்கும் போவுமே. பீகாருக்குப் போவும், ஒரிசாவுக்குப் போவும்னு நீங்கதான சொன்னீங்க? நான் எட்டு ஊருல சொன்னதுக்கே ஒம்போது. அங்க எத்தன?"

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை, சமையல்காரர் வைத்த சோறு அப்படியே இருந்தது. நல்ல மனிதர். நல்லவராக இருப்பது அந்த ஒரு நாள் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவரே அளவுகோலை எடுத்துவைத்துக்கொண்டு புதிதாக அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சகிலா வந்ததும், "ஊர்வாரியா சொல்லுங்க சிஸ்டர்" என்றார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். இடையில் பேனாவை நிறுத்தி, அவளைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்.

"ஒண்ணு மட்டும் கேளுங்க. நீங்க வராதீங்கன்னு சொன்னதால அவங்க வராம இருக்கல. அந்த மழை, இடுப்பளவு ஆத்துத் தண்ணி, ஒம்போது மைல். நீங்க வாங்கன்னு சொல்லியிருந்தாலும் ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க. அதப் போட்டு மனசுல வெச்சுக்காதீங்க."

சகிலா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முழுகுகிறவளுக்கு அகப்பட்ட கட்டை அது. மழை, ஆறு, ஒன்பது மைல் என்று வேலை செய்யும்போதும் நடக்கும்போதும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். உண்மைதானே, யார் வந்திருப்பார்கள்? அதைச் சொல்லிக்கொண்டால்தான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

வாணியம்பாடியில் இக்பாலுக்கு விஷயமே பிடிபடவில்லை. "நாலுக்குப் பதிலா பதிமூணு, அவ்ளோதான? ரப்பர் போட்டு அழிச்சு அடிச்சிடறேன்" என்றான். அழித்து அடிக்கிற காரியமா அது? தொண்ணூற்று மூன்றே முக்கால் சதவீதம் எழுபத்தொன்பது சொச்சமாக இறங்கிவிட்டது. சுருக்கம் மாறியது, வரைபடம் மாறியது, கடைசி வரி தலைகீழாக மாறியது. கஞ்சி உதவும், ஆனால் கஞ்சி மட்டும் போதாது. நிலைமை மோசமானால் உடனே தூக்கி வரச் சொல்ல வேண்டும், சொல்லாததால் ஒன்பது குழந்தைகளை இழந்தோம். டாக்டர் அதை அப்படியே, பூசி மெழுகாமல் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அடிக்கும்போது இக்பால் நிறுத்தி நிறுத்தி அடித்தான்.

"ஆபா, இதுல உன் பேரு இருக்கணுமா? எடுத்துட சொல்லேன்."

"இருக்கட்டும்."

"நல்லதுக்கு வர்ற பேரா இது?"

"போன தடவ பக்கத்துல உக்கார வெச்சு அடிச்சியே, அப்ப இருந்தது யாரு பேரு? அடி."

புரட்டாசி முடிவதற்குள் பதிவுத் தபாலில் போயிற்று. சகிலாதான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இந்த முறை பதில் சீக்கிரம் வந்துவிட்டது, ஒரே தாள். திருத்திய முடிவுகளில் புதிதாக எதுவும் இல்லை, பின்தொடர்ந்து பார்த்த முறை நம்பகமாக இல்லை, ஆகவே வெளியிட இயலவில்லை. மூன்று நகலையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "பாத்தீங்களா சிஸ்டர்? தப்போட போனோம், தகுதியானதுன்னாங்க. நிஜத்தோட போனோம், எடம் இல்லைங்கறாங்க." அவருக்கு மேல்படிப்பு இடமும் கிடைக்கவில்லை. கார்த்திகையில் தர்மபுரிப் பக்கம் மாற்றலாகிப் போனார். போகும்போது நகல்களை என்ன செய்வதென்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ் ஏறின பிறகு தலையை வெளியே நீட்டி, "அதப் பத்தி நெனைக்காதீங்க. யாரும் வந்திருக்க மாட்டாங்க" என்று மறுபடி சொன்னார். அந்த மனிதருக்கும் அந்த வார்த்தை தேவையாக இருந்ததோ என்னவோ.

அச்சில் வராவிட்டால் என்ன? எட்டு ஊருக்கும் வாயால் சொல்லலாமே. சகிலா மறுபடி கிளம்பினாள். அறுபத்து நாலு வீட்டுக்கும் தனித்தனியாகப் போனாள். களம் இல்லை, கூப்பாடு இல்லை, அடுப்படியில் உட்கார்ந்து பேச்சு. மூன்று அடையாளம் சொல்லிக் கொடுத்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரைக்கும் மூத்திரம் போகவில்லை என்றால், கண் குழி விழுந்தால், கொடுத்த கஞ்சியை வாந்தி எடுத்தால், கஞ்சியைக் கொடுத்துக்கொண்டே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். மாணிக்கம்மாள் வீட்டை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் அதுதான் மிச்சம் இருந்தது.

மாணிக்கம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள். மூத்திரம் ஒன்று. கண்ணு ரெண்டு. வாந்தி மூணு.

"மழையா இருந்தா?"

"மழையா இருந்தாலும் வரணும்."

"ஆறு ஓடுனா?"

"ஆறு ஓடுனா முடியாதுன்னு எனக்கும் தெரியுது மாணிக்கம்மா. அன்னிக்கும் அதான. எவ்ளோ தண்ணி! நான் வாங்கன்னு சொல்லியிருந்தாலும் உங்களால வந்திருக்க முடியாது."

மாணிக்கம்மாள் வாயிலிருந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று சகிலா காத்திருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தாள்.

மாணிக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். பையன் தூரத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். எழுந்து வேலிக்கு வெளியே வந்தாள், சகிலாவும் பின்னால் வந்தாள்.

"ஆத்துக்கு மேலால சுத்திக்கினு வர வழி கீது நர்சம்மா, உனக்குத்தான் தெரியாது. எங்கூட்டுக்காரு கம்புல துணியக் கட்டி டோலி ரெடி பண்ணிட்டாரு. அண்ணந்தம்பிங்க ரெண்டு பேரு தூக்கறதுக்கு வந்து நின்னாங்க. நான்தான் வேணான்னேன். நர்சம்மாவே தூக்கினு வராதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சி, நாம போனா அது வருத்தப்படும்னு சொல்லி, நான்தான் டோலிய அவுத்துப் போட்டேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சகிலா தாங்கியிருப்பாள். நாலு வார்த்தை திட்டி, மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மாணிக்கம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, புதிதாகக் கற்றுக்கொண்டது மறந்துவிடக் கூடாதே என்று, மூத்திரம் ஒன்று, கண்ணு ரெண்டு என்று மறுபடி முதலிலிருந்து விரலை மடக்க ஆரம்பித்தாள்.